டபுள் கெப் மீட்டர் போர்டில் எரியாத பல்புகளை நீங்களே மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

சாவியை ஓன் செய்ததும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முன்பே, மீட்டர் போர்டில் பெட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரிய வேண்டும். அது எரியாவிட்டால் ‘சார்ஜ் நன்றாக இருக்கிறது’ என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். கந்தப்பளையில் லீக்ஸ் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் றம்பொடை இறக்கத்தில் வரும்போது ஃபேன் பெல்ட் அறுந்தது. மீட்டர் போர்டில் ஒன்றுமே எரியவில்லை. எரிய வேண்டிய பல்ப் எப்போதோ போயிருந்தது. மூன்றாவது வளைவில் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

பல பழைய ஜப்பானிய டீசல் கெப்களில் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கான வெக்யூம் பம்ப், பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டனேட்டரின் முதுகில்தான் பூட்டியிருக்கும். அதைச் சுற்றும் பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்கும், தண்ணீர் பம்பும் அதே பெல்டில் ஓடினால் அதுவும் நிற்கும். பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பூஸ்டரில் மிச்சமிருந்த உதவியும் தீர்ந்துவிடும். இத்தனைக்கும் முன்கூட்டியே எச்சரிக்க இருப்பது விரல் நுனி அளவுகூட இல்லாத ஒரு பல்ப்.

அன்றைக்குப் பிறகு எங்கள் கெப்பிலும் ஊரில் வேறு சில கெப்களிலும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பழகிய பையன்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறினார்கள். கை வேலை லேசானது, வரிசை தப்பினால்தான் கஷ்டம். அதனால் வரிசையை அப்படியே தருகிறேன். முதல் தடவை செய்கிறவர் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

1. உங்கள் வாகனத்துக்கு இது பொருந்துமா?

பழைய ஹைலக்ஸ், எல்200 மாதிரியான, மீட்டரின் முதுகில் பல்புகளைத் திருகிக் கழற்றக்கூடிய கெப்களுக்குத்தான் இந்த முறை. புதிய வாகனங்கள் பலவற்றில் மீட்டருக்குள்ளேயே சின்னச் சின்ன எல்இடிகளைச் சாலிடர் செய்துவிடுகிறார்கள். அதைத் திறந்தால் மாற்றுவதற்குப் பல்பே இருக்காது. மீட்டர் திருத்துகிறவரிடம்தான் போக வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் உங்கள் மொடலின் பெயரையும் வருடத்தையும் சொல்லி ஓட்டோ எலக்ட்ரிக் கடையில் ‘மீட்டர் பல்ப் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். பல்பை எடுத்து முன்னால் வைத்தால் உங்கள் வண்டிக்கு இந்த வழி சரிவரும்.

2. எதையும் கழற்றும் முன் சோதித்து எழுதுங்கள்

முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போகும் படி இது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டால் கை சும்மா இருக்காது. ஆனால் எது எரிகிறது, எது எரியவில்லை என்ற பட்டியல் கையில் இல்லாமல் மீட்டரை வெளியே எடுத்தால், அதன் முதுகில் பத்துப் பதினைந்து பல்ப் சொக்கட்டுகளைப் பார்த்துவிட்டு எது எதற்கு என்று முழிக்க வேண்டியதுதான்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டயருக்குக் கல் வையுங்கள். சாவியை ஓன் செய்யுங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். இப்போது எரிய வேண்டியவை: பெட்டரி லைட், எஞ்சின் ஒயில் லைட், ஹேண்ட் பிரேக் லைட், டீசல் வண்டியானால் சுருள் கம்பி படம் போட்ட குளோ லைட். குளோ லைட் சில வினாடிகளில் அணைந்துவிடும், அதனால் அதை முதலில் பாருங்கள். எஞ்சின் செக் லைட், ஏர்பேக் லைட் இருக்கும் வண்டியில் அவையும் எரிய வேண்டும்.

சில லைட்கள் சாவி போட்டதும் எரியாது. அவற்றை ஒவ்வொன்றாக இயக்கித்தான் பார்க்க வேண்டும். இடது சிக்னல், வலது சிக்னல், ஹை பீம், கதவு, நாலு சக்கர டிரைவ் என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். நாலு சக்கர லைட்டை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். தோட்டத்து மண் ரோட்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். லீவரை எடுக்க மறந்து தார் ரோட்டில் வளைந்து வளைந்து ஓடினால் கியர் பெட்டிக்குத்தான் அடி.

கடைசியாகப் பார்க் லைட்டைப் போடுங்கள். இது மீட்டரின் முகத்துக்கு வெளிச்சம் தரும் பல்புகளைப் பார்ப்பதற்கு. பகலில் சரியாகத் தெரியாது, இருட்டிய பிறகு பாருங்கள், அல்லது ஒரு சாக்கைத் தலைமேல் போட்டுக்கொண்டு பாருங்கள். வேகமுள் பக்கம் இருட்டா, டீசல் முள் பக்கம் இருட்டா என்று ஒரு தாளில் மீட்டரைப் படமாக வரைந்து குறியுங்கள். பிறகு மீட்டரைத் திருப்பும்போது இடது வலதாக மாறிவிடும். அப்போது அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

ஒயில் லைட் எரியவில்லை என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. எஞ்சினில் இருக்கும் ஒயில் சுவிட்ச்சுக்கு ஒற்றை வயர் மட்டும் போகும் வண்டியானால், அந்த வயரைக் கழற்றி, சாவி ஓனில் இருக்கும்போது எஞ்சினின் வெறும் இரும்பில் தொடுங்கள். லைட் எரிந்தால் பல்ப் நல்லது, சுவிட்ச்தான் போயிருக்கிறது. மீட்டரைக் கழற்றும் வேலை மிச்சம். ஒயில் அழுத்தத்தை முள்ளால் காட்டும் வண்டியில் இப்படித் தொடாதீர்கள், முள் கெட்டுப்போகலாம்.

3. ஃபியூஸ், அப்புறம் டிம்மர், அதற்கப்புறம்தான் பல்ப்

மீட்டரின் வெளிச்சம் முழுவதும் ஒரே நேரத்தில் போயிருந்தால் பல்புகளைச் சந்தேகப்படாதீர்கள். நாலைந்து பல்புகள் ஒரே ராத்திரியில் போகாது. வாகனத்தின் பின்னால் போய்ப் பாருங்கள். பின் பார்க் லைட்டும் நம்பர் பிளேட் லைட்டும் எரியாவிட்டால் ஃபியூஸ்தான், ஏனென்றால் பெரும்பாலான கெப்களில் மீட்டர் வெளிச்சமும் பார்க் லைட்டும் ஒரே ஃபியூஸில் இருக்கும். ஃபியூஸ் பெட்டி மூடியில் ‘டெயில்’ என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள்.

எரிந்த ஃபியூஸில் எத்தனை அம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவைத்தான் போட வேண்டும். 10 இருந்த இடத்தில் 20 போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவதும் வேண்டாம். ஃபியூஸ் எரியாமல் டாஷ்போர்டுக்குள் வயர் எரியும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ வயர் உரசுகிறது. பின் லைட் பக்கம் முதலில் தேடுங்கள். மரக்கறி மூட்டை இடித்து நசுங்கிய வயர் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

பின் லைட் எரிந்து மீட்டர் மட்டும் இருட்டாக இருந்தால், மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் பக்கத்தில் சின்னச் சக்கரமாகவோ திருகாகவோ இருக்கும். துடைக்கும்போது தெரியாமல் கை பட்டு அது முழுக்கக் குறைந்திருக்கலாம். இரண்டு பக்கமும் ஓரம்வரை பத்துத் தடவை திருப்புங்கள். இடையில் வெளிச்சம் மின்னி மின்னி வந்தால் டிம்மருக்குள் அழுக்கு. கொன்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்தால் பெரும்பாலும் சரியாகும்.

என் அக்கா மகன் ஒரு தடவை மீட்டரை முழுக்க வெளியே எடுத்து எல்லா பல்பையும் மாற்றி, ‘மாமா, புது பல்பும் எரியல’ என்று வந்து நின்றான். டிம்மரைத் திருப்பினேன், எல்லாம் எரிந்தது. அவனுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம்.

4. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

பிளஸ் முனை ஸ்க்ரூ டிரைவர், நீளம் ஒன்று கட்டை ஒன்று. பெட்டரி முனைக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர். சாதாரண மல்டிமீட்டர். டோர்ச். மூக்கு நீண்ட குறடு. பென்சில் அழிக்கும் ரப்பர். ஸ்க்ரூ போட நாலைந்து சின்னக் கிண்ணங்கள். பிளாஸ்டிக்கை நெம்ப, காலாவதியான வங்கி அட்டை போதும், இரும்பு வேண்டாம். போனில் கெமரா இருக்கும், அதுவும் ஒரு ஆயுதம்தான்.

மீன் தொட்டிக்குக் காற்றுப் போகும் மெல்லிய டியூபில் ஒரு விரல் நீளம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன பல்புகளின் கண்ணாடித் தலையில் அது இறுக்கமாக உட்காரும். விரல் நுழையாத இடத்தில் பல்பை இழுக்கவும் செருகவும் இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

பல்ப் வாங்குவதில்தான் பெரிய குழப்பம். மீட்டரில் பொதுவாக இரண்டு அளவு. வெளிச்சத்துக்கு டி10, எச்சரிக்கை லைட்களுக்கு டி5. அந்த எண் கண்ணாடியின் தடிமன், மில்லிமீட்டரில் ஏறக்குறைய 10, 5. ஹீட்டர் பனலில் இன்னும் சிறியவை இருக்கும்.

அளவு சரியாக இருந்தாலும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது வோல்ட். நம்மூர்க் கடைகளில் லொறிக்கான 24 வோல்ட் பல்பும் கெப்புக்கான 12 வோல்ட் பல்பும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். உருவத்தில் வித்தியாசம் தெரியாது. 24 வோல்ட் பல்பை 12 வோல்ட் வண்டியில் போட்டால் செத்த வெளிச்சமாக எரியும், நீங்கள் டிம்மரைத் திட்டுவீர்கள். பல்பின் அடியிலோ கண்ணாடியிலோ எழுதியிருப்பதை டோர்ச் அடித்துப் படியுங்கள்.

இரண்டாவது வாட். ஜப்பானிய மீட்டர்களில் வெளிச்ச பல்ப் பெரும்பாலும் 3.4 வாட், எச்சரிக்கை பல்ப் 1.2 அல்லது 1.4 வாட். பார்க் லைட்டுக்குப் போடும் 5 வாட் டி10 பல்ப் அதே சொக்கட்டில் அழகாக உட்காரும். உட்காருகிறது என்பதற்காகப் போடாதீர்கள். அந்தச் சூட்டில் மீட்டர் முகம் பழுப்பாகும், சொக்கட் உருகும். பழையதில் என்ன வாட் எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள்.

மூன்றாவது, எல்இடி போடலாமா என்பது. வெளிச்சத்துக்குப் போடலாம், ஆனால் என் மனம் சாதாரண பல்ப் பக்கம்தான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஏறும்போது மூடுபனியில் கண் ரோட்டைத் தேடுகிற நேரத்தில், நீல வெள்ளை எல்இடி முன் கண்ணாடியில் எதிரொளித்து இருக்கிற பார்வையையும் கெடுக்கும். டிம்மரைக் குறைத்தாலும் பல எல்இடிகள் ஒழுங்காக மங்காது. பெட்டரி எச்சரிக்கை லைட்டுக்கோ எல்இடி வேண்டவே வேண்டாம். பல வண்டிகளில் ஒல்டனேட்டர் சார்ஜ் பண்ணத் தொடங்குவதற்கான முதல் மின்சாரம் அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. எல்இடி அவ்வளவு மின்சாரத்தை விடாது. ஐடிலில் சார்ஜே ஏறாமல் போகலாம்.

தேவையான எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று கூட வாங்குங்கள். ஒரு பல்ப் கை நழுவி டாஷ்போர்டுக்குள் விழும், அது நடக்காத நாள் குறைவு.

5. பெட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்

நெகட்டிவ் மட்டும் போதும். அதைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராது. பொசிட்டிவை முதலில் கழற்றினால் வரும். கழற்றிய முனையைத் துணியில் சுற்றி ஒதுக்கி வையுங்கள், தானாகச் சரிந்து மறுபடி தொடக்கூடாது.

ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருந்தால் கழற்றிய பிறகு ஒன்றரை நிமிடமாவது காத்திருங்கள். அதற்குள் சேமித்து வைத்திருக்கும் மின்சாரம் வெளியேறிவிடும். ஏர்பேக்கின் மஞ்சள் வயரில் எந்தக் காரணத்துக்காகவும் மல்டிமீட்டர் வைக்காதீர்கள்.

6. மீட்டரைச் சுற்றியிருக்கும் சட்டம்

ஸ்டியரிங்கைக் கீழே இறக்க முடியுமானால் முழுக்க இறக்கி, தண்டின் மேல் ஒரு பழைய துவாயைப் போடுங்கள். மீட்டர் கண்ணாடியில் கீறல் விழுவது அநேகமாக இந்த இடத்தில்தான், அதுவும் வெளியே எடுக்கும்போது இல்லை, திரும்ப வைக்கும்போது.

சட்டத்தின் மேல் விளிம்பில், உள்பக்கம் பார்த்தபடி இரண்டு ஸ்க்ரூ இருக்கும். குனிந்து கீழிருந்து டோர்ச் அடித்தால்தான் தெரியும். சில மொடல்களில் கீழேயும், சுவிட்ச் மூடிக்குப் பின்னாலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். எல்லா ஸ்க்ரூவையும் எடுத்த பிறகும் சட்டம் ஒரு மூலையில் மட்டும் வர மறுத்தால், அந்த மூலையில் இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். இழுக்காதீர்கள்.

மலையில் காலைக் குளிரில் இந்த வேலையைத் தொடங்குவது பெரிய தப்பு. முப்பது வருடம் வெயில் குடித்த பிளாஸ்டிக் குளிரில் பிஸ்கட் மாதிரி உடையும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். வெயில் இல்லாத நாளில் எஞ்சினைச் சூடாக்கி ஹீட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதற்கப்புறம் பெட்டரி முனையைக் கழற்றுங்கள்.

கிளிப் இருக்கும் இடத்தில் அட்டையைச் செருகி, கிளிப்புக்கு ஒட்டியே நெம்புங்கள். தூரத்திலிருந்து நெம்பினால் சட்டம்தான் வளைந்து வெடிக்கும். சட்டத்தில் இருக்கும் சுவிட்ச்சுகளின் பிளக்கைக் கழற்றும் முன் ஒரு படம் எடுங்கள்.

ஸ்க்ரூக்களை ஒரே கிண்ணத்தில் கொட்டாதீர்கள். சட்டத்துக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று. நீள ஸ்க்ரூ கட்டை ஸ்க்ரூவின் இடத்துக்குப் போனால், இறுக்கும்போது உள்ளே பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும்.

7. மீட்டரை வெளியே எடுப்பது

மீட்டரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் மூன்று அல்லது நாலு ஸ்க்ரூ. அவற்றை எடுத்ததும் மீட்டர் இரண்டு விரல் அகலம் முன்னால் வரும், அதற்குமேல் வராது. புதியவர்கள் பலம் போட்டு இழுப்பது இங்கேதான்.

பழைய கெப்களில் வேகமுள்ளுக்குக் கியர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் வருகிறது, மீட்டரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். மீட்டரின் பின்னால் கையைவிட்டுத் தடவினால் பேனா மூடி அளவில் ஒரு பிளாஸ்டிக் முனை அகப்படும், அதில் அமுக்குவதற்கு ஒரு நாக்கு இருக்கும். நாக்கை அமுக்கிக்கொண்டே நேராகப் பின்னால் இழுக்க வேண்டும், திருகக்கூடாது.

கை எட்டவில்லையா? போனட்டைத் திறந்து, அந்தக் கேபிள் எஞ்சின் பக்கத்துச் சுவரைத் துளைத்துவரும் ரப்பரைக் கண்டுபிடியுங்கள். கேபிளை அங்கிருந்து உள்பக்கமாக மெதுவாகத் தள்ளினால் நாலு விரல் அளவு தளர்வு கிடைக்கும். மீட்டர் அந்த அளவு முன்னால் வரும், கையும் தாராளமாக நுழையும். பத்து நிமிட மல்லுக்கட்டு ஒரு நிமிடத்தில் முடியும்.

அப்புறம் வயர் பிளக்குகள். ஒவ்வொன்றிலும் பூட்டு நாக்கு இருக்கும். பிளக்கின் உடம்பைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். மீட்டரைப் படுக்க வைக்காமல், கண்ணாடி உங்களைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்தியே எடுத்துச் செல்லுங்கள். சில மீட்டர்களில் முட்களுக்குள் எண்ணெய் இருக்கும், கவிழ்த்தால் அது முகத்தில் வழிந்து கறையாகும்.

8. பல்பை மாற்றுவது

மேசையில் ஒரு துவாயை விரித்து மீட்டரை நிறுத்துங்கள். முதுகு முழுவதும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதில் செம்புக் கோடுகள். அதுதான் இந்த மீட்டரின் வயரிங். வட்டமாகத் தெரிகிறவை பல்ப் சொக்கட்டுகள். எதையும் தொடும் முன் முதுகை முழுக்க ஒரு படம் எடுங்கள்.

சொக்கட்டை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் கழன்று வரும். பல்பை அதிலிருந்து நேராக இழுத்து எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டு பின்னால் தேடுவதால், 1.2 வாட் இடத்தில் 3.4 வாட் போய் உட்காருகிறது.

எரிந்துபோன பல்பைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். கண்ணாடி உள்ளே கறுத்திருக்கும், அல்லது இழை அறுந்து தொங்கும். கண்ணை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரை ஓமில் வைத்து பல்பின் இரண்டு கம்பியிலும் தொடுங்கள். நல்ல பல்ப் சில ஓம் முதல் பத்துப் பதினைந்து ஓம்வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் போய்விட்டது. புது பல்பையும் போடும் முன் இப்படியே சோதியுங்கள். பெட்டியிலேயே செத்த பல்ப் எனக்கு இரண்டு தடவை கிடைத்திருக்கிறது.

சில பல்புகளின் தலையில் பச்சையோ நீலமோ ரப்பர் தொப்பி இருக்கும். மீட்டரின் நிறம் அந்தத் தொப்பியில்தான் இருக்கிறது. உருகாமல் இருந்தால் மெதுவாகக் கழற்றிப் புது பல்புக்கு மாட்டுங்கள்.

வெளிச்ச பல்புகளில் ஒன்று போயிருந்தாலும் அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுங்கள். எல்லாம் ஒரே நாளில் எரியத் தொடங்கியவை, மற்றவையும் அடுத்தடுத்துப் போகும். இத்தனை தூரம் கழற்றிய பிறகு ஒரு பல்பைச் சேமிப்பதில் இலாபமில்லை. எச்சரிக்கை பல்புகளில் பெட்டரி, ஒயில், பிரேக் மூன்றையும் எரிந்தாலும் எரியாவிட்டாலும் மாற்றுவது என் பழக்கம்.

எல்இடி போட்டிருந்தால் அது ஒரு பக்கமாக மட்டும்தான் எரியும். எரியாவிட்டால் சொக்கட்டிலிருந்து எடுத்து முன்பின்னாகத் திருப்பிச் செருகுங்கள்.

9. பல்ப் நல்லது, ஆனால் எரியவில்லை: களிம்பு

கீழ் ஊர்களைவிட நமக்கு அதிகம் வருகிற கோளாறு இது. மூடுபனியும் ஈரமும் வண்டிக்குள் புகுந்து, செம்புக் கோட்டில் சொக்கட் தொடும் இடத்தில் கறுப்பாகவோ பச்சையாகவோ களிம்பு படியும். மின்சாரம் அதைத் தாண்டாது.

பென்சில் ரப்பரால் அந்த இரண்டு பொட்டுகளையும் மெதுவாகத் தேயுங்கள், புதுச் செம்பின் நிறம் வரும்வரை. உப்புத் தாள் போடாதீர்கள். அந்தச் செம்பு பாலில் படியும் ஆடை மாதிரி மெல்லியது, இரண்டு இழுப்பில் போய்விடும். சொக்கட்டின் பித்தளை நாக்குகளையும் இப்படியே துடைத்து, ஊசி முனையால் ஒரு மயிரிழை மேலே தூக்கிவிடுங்கள். அப்போதுதான் திருகும்போது அழுத்திப் பிடிக்கும். ரப்பர்த் தூளை ஊதித் தள்ளிவிட்டு, வெறும் விரலால் மறுபடி தொடாதீர்கள்.

செம்புக் கோடு எங்காவது அறுந்திருந்தால் மல்டிமீட்டரில் தெரியும். அறுந்த இடத்தின் இரண்டு பக்கமும் மேல் பூச்சைச் சுரண்டி, ஒரு மெல்லிய வயர் இழையைப் பாலமாக வைத்துச் சாலிடர் பண்ணலாம். சூடான முனை இரண்டு வினாடிக்குமேல் நின்றால் தாள் சுருங்கிவிடும். கை பழக்கம் இல்லாதவர்கள் இதை மட்டும் ரேடியோ திருத்துகிறவரிடம் கொடுங்கள்.

10. மூடும் முன் எரித்துப் பாருங்கள்

பல்ப் மாற்றியாயிற்று என்ற சந்தோஷத்தில் சட்டம்வரை பூட்டிவிட்டு, அதற்கப்புறம் சாவி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொக்கட் கால் சுற்று முழுக்கத் திரும்பாமல் நின்றிருந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

மீட்டரை அதன் இடத்தின் முன் துவாய்மேல் வைத்து வயர் பிளக்குகளை மட்டும் மாட்டுங்கள். கேபிள் இப்போது வேண்டாம். கழற்றிய சுவிட்ச் பிளக்குகளையும் மாட்டிய பிறகு பெட்டரி முனையைப் போடுங்கள். பிளக்குகள் தொங்கிக்கொண்டிருக்கும்போது சாவியை ஓன் செய்தால் சில வண்டிகள் அதையும் ஒரு கோளாறாகப் பதிந்துகொள்ளும்.

இரண்டாவது படியில் எழுதிய தாளை எடுத்து, அதே வரிசையில் முதலிலிருந்து போய் வாருங்கள். எரியாத ஒன்று இருந்தால் முதலில் அந்தச் சொக்கட்டைக் கழற்றி மறுபடி திருகுங்கள். அப்படியும் வராவிட்டால் எரிகிற பக்கத்துச் சொக்கட்டை அதில் மாட்டிப் பாருங்கள். அது எரிந்தால் உங்கள் பல்போ சொக்கட்டோதான் பிழை. அதுவும் எரியாவிட்டால் செம்புக் கோடு, அதற்கப்புறம் வயர்.

எல்லாம் சரியென்றால் சாவியை எடுத்து, நெகட்டிவ் முனையை மறுபடி கழற்றுங்கள். இன்னும் வேலை இருக்கிறது.

11. ஹீட்டர் பனலும் சுவிட்ச்சுகளும்

நுவரெலியா பக்கம் ஓடுகிறவர்களுக்கு இருட்டில் ஹீட்டர் லீவர் தெரியாதது பெரிய தொல்லை. கண்ணாடி மூடிக்கொண்டு வரும் நேரத்தில் கை தடவிக்கொண்டிருக்க முடியாது.

குமிழ்கள் நேராக இழுத்தால் வரும். ஒரு துணியைக் குமிழின் பின்னால் சுற்றி இரண்டு முனையையும் சேர்த்து இழுத்தால் கீறாமல் கழலும். முகத்தட்டுக்குப் பின்னால் ஸ்க்ரூ, சில வண்டிகளில் அஷ்ட்ரேயை எடுத்தால் அதற்குப் பின்னாலும் இருக்கும். பனலை வெளியே இழுக்கும்போது ஒரு கை அளவுக்குமேல் போகாதீர்கள். பின்னால் ஹீட்டர் கேபிள்கள் இருக்கின்றன, மடங்கினால் சூடும் குளிரும் மாறாது.

இங்கே இருக்கும் பல்பு டி5ஐவிடச் சிறியது, பெரும்பாலும் தன் அடித்தட்டோடு சேர்ந்தே வரும். அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள், அளவைச் சொல்லி வாங்கினால் தப்பிப்போகும். நகர்க் கடைகளில் கிடைக்காவிட்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய பனலோடு சேர்த்தே எடுக்கலாம். அந்தப் பக்கம் போகும் லொறிக்காரரிடம் மாதிரியைக் கொடுத்துவிடுவதுதான் நம்மூர் வழக்கம்.

ஹசார்ட், பின் கண்ணாடி ஹீட்டர் மாதிரியான சுவிட்ச்சுகளில் பின்பக்கம் திருகும் சொக்கட் இருந்தால் மாற்றலாம். அரிசி மணி மாதிரி பல்பு இரண்டு கம்பியோடு சாலிடராகி இருந்தால், பழைய சுவிட்ச் ஒன்றை வாங்கி மாற்றுவதே சுலபம்.

12. பூட்டுவது

கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள். கேபிளை மட்டும் கவனியுங்கள். மீட்டரை அதன் இடத்தை நோக்கித் தள்ளும்போது ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளிய தளர்வைத் திரும்ப வெளியே இழுத்து, ரப்பரைச் சுவரில் ஒழுங்காக உட்கார வையுங்கள். கேபிள் உள்ளே மடங்கிக் கிடந்தால் வேகமுள் நடுங்கும், கீச்சிடும், கடைசியில் அறுந்துவிடும். ரப்பர் உட்காராவிட்டால் மழைத் தண்ணீர் உங்கள் காலில் விழும்.

பிளாஸ்டிக் ஸ்க்ரூக்களை விரலால் தொடங்கி, நின்ற இடத்திலிருந்து கொஞ்சமாக இறுக்குங்கள், போதும்.

13. ஸ்டார்ட் பண்ணிய பிறகு

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பெட்டரி லைட்டும் ஒயில் லைட்டும் அணைய வேண்டும். ஒயில் லைட் சில வினாடிகளில் அணையாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பல்ப் மாற்றியதால் வந்த கோளாறு இல்லை அது. செத்த பல்ப் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததாக இருக்கலாம்.

பெட்டரியின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட்வரை இருந்தால் நல்லது. 12.5க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது, உங்கள் பல்புகள் அடிக்கடி எரிந்துபோனதற்கும் அதுவே காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை பல்ப் போட்டாலும் நிற்காது.

பக்கத்துச் சந்திவரை ஓடி, வேகமுள் எழும்புகிறதா, தூரக் கணக்கு நகர்கிறதா என்று பாருங்கள். அன்று இரவே ஒரு தடவை முழு இருட்டில் ஓடி, டிம்மரை உங்கள் கண்ணுக்கு ஏற்ற அளவில் நிறுத்துங்கள். மூடுபனியில் ஓடுகிறவர்கள் எண்கள் தெரிகிற அளவுக்கு மட்டும் வைப்பது நல்லது.

மிச்சமான பல்புகளைப் பஞ்சில் சுற்றி, எது எந்த வாட் என்று எழுதி, ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் செருகி வையுங்கள். அப்புறம் காலையில் சாவியை ஓன் செய்ததும் நேராக ஸ்டார்ட்டுக்குப் போகாதீர்கள். பெட்டரி, ஒயில், பிரேக் மூன்றும் எரிவதைப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.